புரோஸ்டேட் அழற்சிக்கு மாத்திரையா, தசைத் தளர்வுப் பயிற்சியா?

சிங்கப்பூரில் டாக்சி ஓட்டும் என் மைத்துனருக்கு 52 வயது. கடந்த ஆண்டு விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் வலி தொடங்கியபோது, வண்டி இருக்கையில் ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நான்கு மாதங்கள் ஓட்டினார். பின்னர் வீட்டருகே இருந்த மருந்தகம் (கிளினிக்) ஒன்றில், சிறுநீர்ப் பரிசோதனைகூடச் செய்யாமல் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைக் கொடுத்தார்கள். வலி தீரவில்லை என்றதும் அதே மாத்திரைகளை மறுபடியும் கொடுத்தார்கள். மூன்றாம் முறை வாங்கப் போகும்முன் என்னிடம் பேசினார். அவருக்காகப் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் வந்திருப்பது எந்த வகை அழற்சி என்பது தெரிந்தாக வேண்டும். குளிர்நடுக்கத்துடன் காய்ச்சலும் சிறுநீர் அடைப்பும் சேர்ந்து வந்தால் அது கிருமியால் வரும் தீவிர அழற்சி. அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கிருமி சுரப்பியிலேயே தங்கி, தொற்று திரும்பத் திரும்ப வருவது இன்னொரு வகை. அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும். ஆனால் புரோஸ்டேட் அழற்சி என்று சொல்லப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இருப்பது, பரிசோதனையில் கிருமி எதுவும் தென்படாமல் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இடுப்புக்கூட்டு வலிதான். மைத்துனருக்கு இருந்ததும் அதுவே.

இந்த வகைக்கு மாத்திரை எவ்வளவு உதவும்? 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 196 ஆண்களுக்கு ஆறு வாரம் சிப்ரோஃப்ளோக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, சிறுநீர்ப் பாதைத் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின், இரண்டும் சேர்த்து, அல்லது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள்; எந்த மருந்தும் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. சிப்ரோஃப்ளோக்சசின் வகை மருந்துகளால் குதிகால் தசைநாண் அறுபடும் அபாயமும் உண்டு. சிறுநீர் தயங்கித் தயங்கி வருபவருக்கு டாம்சுலோசினைச் சில வாரம் முயன்று பார்ப்பதில் தவறில்லை என்றாலும், எழுந்து நிற்கையில் தலைசுற்றலாம். கண்புரை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர், இம்மருந்தை எடுப்பதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

உடலில் மெல்லிய ஊசிகளைக் குத்தி வைக்கும் அக்குபங்சர் பற்றி எனக்கிருந்த ஐயம் படித்த பிறகு குறைந்தது. 2021இல் வெளியான சீன ஆய்வில் 440 ஆண்களுக்கு எட்டு வாரங்களில் 20 முறை ஊசி வைத்தார்கள். உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 60 விழுக்காட்டினருக்கும், பாவனைச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 37 விழுக்காட்டினருக்கும் வலி முதலிய தொல்லைகள் குறைந்தன. சிகிச்சை முடிந்து 24 வாரம் கழித்தும் அந்தப் பலன் நீடித்தது. பதிவுபெற்ற சீன மருத்துவர்கள் நிறைந்த சிங்கப்பூரில் இது எளிதில் கிடைக்கும் வழி.

இருந்தும் மைத்துனருக்கு நான் முதலில் பரிந்துரைத்தது, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி. வலிக்குப் பயந்து நாள் முழுவதும் இறுகிக் கிடக்கும் அந்தத் தசைகளே பலருக்கு வலியின் மூலமாகிவிடுகின்றன. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: இணையத்தில் பார்த்துவிட்டுச் சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கும் பயிற்சியைச் செய்கிறார்கள். ஏற்கெனவே இறுகியதை மேலும் இறுக்கினால் வலி கூடும். மைத்துனருக்குக் கற்றுக்கொடுத்தது இதற்கு நேர்மாறானது: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, மூச்சு வயிற்றுக்குள் இறங்கும்போது ஆசனவாய்ப் பகுதி கீழ்நோக்கித் தளர்வதை உணர்வது. தூங்கும்முன் பத்து நிமிடம், வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு. இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி நடக்கிறார். சிறுநீரை அடக்கிக்கொண்டு அடுத்த பயணியை ஏற்றுவதில்லை.

செலவைப் பொறுத்தவரை, பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரையுடன் அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றால் கட்டணச் சலுகை கிடைக்கும், காத்திருப்பு நீளலாம். தனியார் நிபுணரை விரைவில் பார்க்கலாம், முழுக் கட்டணமும் நம்முடையது. வலி கடுமையாக இல்லாதவருக்கு முதல் வழியே போதும் என்பது என் கருத்து.

கடைகளில் விற்கும் சா பால்மெட்டோ என்ற மூலிகை மாத்திரைகளில் பணத்தை இறைக்க வேண்டாம். அழற்சிக்கு அல்லாமல், வயதாகும்போது வரும் புரோஸ்டேட் வீக்கத்துக்கு அதைச் சோதித்த 2006, 2011ஆம் ஆண்டுகளின் பெரிய ஆய்வுகள் இரண்டிலும், வெற்று மாத்திரையைவிட அது மேலாக இருக்கவில்லை.

புரோஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையை அழற்சி இருக்கும்போது செய்தால், புற்றுநோய் இல்லாதவருக்கும் அளவு உயர்ந்து காட்டக்கூடும். மைத்துனர் அதைத் தள்ளிவைத்து, வலி அடங்கி எட்டு வாரம் கழித்துச் செய்துகொண்டார்.