டேப்லெட்டில் கரோக்கி: மைக்கை எந்த வழியில் இணைப்பது?

கரோக்கிக்கு எந்த மைக் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், வீட்டு விசேஷத்தில் ஸ்பீக்கரில் பாடவா, ஸ்மூல் மாதிரி செயலியில் பதிவு செய்யவா என்று திருப்பிக் கேட்பேன். குரல் டேப்லெட்டுக்குள் போயே ஆக வேண்டுமா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

ஸ்பீக்கருக்கு என்றால் மைக்கை டேப்லெட்டில் செருகவே வேண்டாம். எக்கோ உள்ள சின்ன மிக்ஸர் போதும். பாட்டின் பின்னணி இசையை (டிராக்கை) ஒரு சேனலுக்கும் மைக்கை இன்னொரு சேனலுக்கும் கொடுத்துவிட்டால், குரல் பிந்துகிறது என்ற பேச்சே எழாது. இதற்குப் போய் இன்டர்ஃபேஸ், அதாவது மைக் ஒலியை டிஜிட்டலாக்கி டேப்லெட்டுக்குள் அனுப்பும் கருவி, வாங்குவது வீண் செலவு.

பதிவுக்கு ஹெட்ஃபோன் ஜாக் வழி மலிவு. ஆனால் டேப்லெட் எதிர்பார்ப்பது நான்கு தொடர்புப் புள்ளிகள் உள்ள பின். மேடை மைக்கை மூன்று புள்ளிப் பின் வழியாகச் செருகினால், ஹெட்ஃபோன் வந்திருக்கிறது என்றே அது எடுத்துக்கொள்ளும். மேடை மைக்கை இந்த ஜாக்கில் இணைக்க உதவும் ஐரிக் ப்ரீ போன்ற கருவி அதைச் சமாளிக்கும். ஆனால் 2018 ஐபேட் ப்ரோவிலும் 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடிலும் அந்த ஜாக்கே கிடையாது. இனி இதில் பணம் போட மாட்டேன்.

தனியாகப் பாடுபவருக்கு யூஎஸ்பி மைக்தான் என் தேர்வு. ஆடியோ-டெக்னிகாவின் ஏடிஆர்2100எக்ஸ் டைனமிக் வகை, அதாவது சுற்றுச் சத்தத்தைக் குறைவாக எடுக்கும் வகை. யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (மேடை மைக்குகளின் மூன்று முனை இணைப்பு) இரண்டும் உண்டு, ஹெட்ஃபோனையும் மைக்கிலேயே செருகலாம். கண்டென்சர் மைக் நுணுக்கமானதுதான். ஆனால் நம் வீடுகளில் ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும் சரணத்துக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

டூயட் என்றால் யூஎஸ்பி மைக் கைவிரித்துவிடும். ஐபேடில் இரண்டு யூஎஸ்பி மைக்குகளை ஒரே செயலி சேர்த்து எடுக்காது. அப்போது ஸ்கார்லெட் 2ஐ2 போல இரண்டு மைக் நுழைவாய் உள்ள இன்டர்ஃபேஸ் தேவை. செருகியதும் டேப்லெட் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். பழுதில்லை, ஒலி இன்டர்ஃபேஸுக்கு மாறியிருக்கிறது. ஹெட்ஃபோனை அதில் செருகுங்கள். டைரக்ட் மானிட்டரைப் போட்டால் குரல் டேப்லெட்டைச் சுற்றாமல் உடனே காதுக்கு வரும். ஆனால் எக்கோ இல்லாத வறண்ட குரலாக வரும். பாதிப் பேருக்கு அங்கேயே உற்சாகம் போய்விடுகிறது. எக்கோவுக்காக, குரலைச் செயலி வழியே கேட்க வைக்கும் மானிட்டரையும் போட்டால் குரல் இரண்டு முறை கேட்கும். இந்த இடத்தில் யமஹா ஏஜி03 என்ற யூஎஸ்பி மிக்ஸர் முந்துகிறது: எக்கோ போன்ற ரிவெர்ப் கருவிக்குள்ளேயே இருக்கிறது. மைக் நுழைவாய் மட்டும் ஒன்றுதான். டேப்லெட்டின் ஒலியையும் திரும்ப டேப்லெட்டுக்கே அனுப்பும் அதன் லூப்பேக் நேரலைக்கு உரியது. பதிவின்போது அணைக்காவிட்டால் டிராக்கும் குரலோடு சேர்ந்து பதிவாகும்.

மின்சாரத்தையும் கவனியுங்கள். ஆப்பிளின் பழைய லைட்னிங் துளை உள்ள ஐபேட் என்றால், சார்ஜரையும் செருக இடமுள்ள யூஎஸ்பி 3 கேமரா அடாப்டர் வாங்குங்கள். இல்லாவிட்டால் இந்தக் கருவிக்கு மின்சாரம் போதாது என்று திரை கைவிரிக்கலாம். டைப்-சி ஐபேடில் நேரே செருகலாம். நீண்ட நேரம் பாட, சார்ஜர் இணைக்கக்கூடிய ஹப் வேண்டும். ஆண்ட்ராய்டு 5.0 முதலே யூஎஸ்பி ஆடியோவை ஏற்கிறது என்றாலும் எல்லா டேப்லெட்டும் ஒத்துழைப்பதில்லை. கடையிலேயே செருகிப் பார்த்துவிடுங்கள்.

ஸ்பீக்கரோடு வரும் புளூடூத் மைக் குழந்தைகளின் பிறந்தநாளுக்குச் சரி. பதிவுக்கு வேண்டாம், புளூடூத் இயர்போனும் வேண்டாம்: டிராக் பிந்திக் காதுக்கு வரும், நீங்களும் பிந்தியே பாடுவீர்கள்.