எழுத்தாளரும் கதையும் ஒரே அலமாரியில்: கும்பகோணத்துப் பழைய புத்தகக் கடை

கும்பேசுவரன் கோயிலை ஒட்டிய சந்து ஒன்றில் பெயர்ப்பலகை இல்லாமல் நடந்துவரும் இந்தப் பழைய புத்தகக் கடையின் வாசலில், போட்டித் தேர்வுக் கையேடுகளும் பள்ளிப் பாடநூல்களும் சணல் கயிற்றால் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றைத் தாண்டி உள்ளே போனால், வலது சுவரை அடைத்து நிற்கும் இலக்கிய அலமாரி ஒன்று இருக்கிறது. கடைக்குப் போக வேண்டியது அதற்காகத்தான்.

நாவல், சிறுகதை, கட்டுரை என்று கடைக்காரர் பிரித்து அடுக்குவதில்லை. ஒருவருடைய கதைகளுக்குப் பக்கத்திலேயே அவரைப் பற்றி நண்பர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளையும் சிற்றிதழ்களின் சிறப்பிதழ்களையும் சேர்த்து வைக்கிறார். "மொதல்ல ஆளைத் தெரிஞ்சுக்குங்க சார், அப்புறம் கதையைப் படிங்க" என்பது அவருடைய கட்சி. ந. பிச்சமூர்த்தி, கு.ப. ராஜகோபாலன், எம்.வி. வெங்கட்ராம், தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு என்று ஒருவரோடொருவர் பழகிய எழுத்தாளர்களைக் கண்ட ஊரில் இந்த அடுக்குமுறை பொருத்தமானதுதான். ஆனாலும் அவர் கட்சியை நான் பாதிதான் ஏற்கிறேன்.

எம்.வி. வெங்கட்ராம் பட்டுச் சரிகை வியாபாரம் செய்தவர். காதுக்குள் இடைவிடாமல் கேட்ட குரல்களால் பல ஆண்டுகள் அவதிப்பட்டவர். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த 'காதுகள்' நாவலுக்கு 1993இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு நாவலைத் திறப்பவர், மகாலிங்கம் என்ற பாத்திரத்தை மறந்துவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியரின் உடல்நிலையை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார். தன் வேதனையைத் தானே தள்ளி நின்று பார்க்கும் அந்த எழுத்தின் நிதானம் அவர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. கு.ப.ரா. விஷயம் வேறு. கண்பார்வை மங்கி வேலையை விட நேர்ந்ததும், 1944இல் 42 வயதில் இறந்ததும் தெரிந்த பிறகு, ஆணும் பெண்ணும் பேசாமல் விடுகிற சொற்களை மட்டும் வைத்து அவர் எழுதிய அந்தச் சிறிய கதைகளில் சுயபச்சாத்தாபத்தின் சாயல்கூட இல்லை என்பது எனக்குக் கூடுதல் வியப்பைத் தந்தது. சிறுகதை எழுத்தாளர் மௌனியிடமோ கடைக்காரரின் கட்சி எடுபடுவதே இல்லை. சுமார் இரண்டு டஜன் கதைகளோடு நிறுத்திக்கொண்ட அவரை வாழ்க்கைக் குறிப்பு கொண்டு திறக்க முடியாது.

சென்ற முறை என் கைக்குக் கிடைத்தது, வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை ஒன்றை யாரோ கிழித்துச் சேர்த்து, முதுகில் சிவப்புக் காலிகோ துணி ஒட்டிப் பைண்டு செய்த தொகுதி. ஓரம் வெட்டும்போது பைண்டர் கைதாராளமாக இருந்திருக்கிறார். பல பக்கங்களில் கடைசி வரி பாதியாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு வாரத்தின் ஓவியமும், பின்பக்கத்துத் தலைவலித் தைல விளம்பரமும் அப்படியே இருக்கின்றன. வாசகர் ஒரு வாரம் காத்திருப்பார் என்ற தெம்பில் ஆசிரியர் அத்தியாயத்தை எங்கே வெட்டினார் என்பது, புத்தகமாக வந்த பதிப்பில் இத்தனை துலக்கமாகத் தெரியாது. நினைவுக் குறிப்புகளைவிட இதில்தான் ஓர் எழுத்தாளரின் வேலை நாளை நான் கண்டேன்.

குறைகளும் உண்டு. முதற்பதிப்பு என்று தெரிந்துவிட்டால் விலை சரசரவென்று ஏறிவிடும். பேரம் பேசினால் புத்தகம் மீண்டும் அலமாரிக்கே போய்விடும். இருப்புப் பட்டியல் கிடையாது. ஐப்பசி அடைமழையில் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஈரம் வாங்குவதால், அங்கிருந்து எடுப்பவற்றைப் பிரித்து, நடுப்பக்கங்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது நல்லது. மதியம் கடையைச் சாத்திவிட்டு மாலையில்தான் மறுபடி திறக்கிறார். ஜிபே வாங்கிக்கொள்வார்; பில் மட்டும் கேட்காதீர்கள்.