பழைய கைட் வாங்கி 48,000 ரூபாய் போச்சு, உயிர் தப்பினதே பெருசு. வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க

ஞாயித்துக்கிழமை நடந்தது. கை இன்னும் நடுங்குது, ஆனா ஆறுறதுக்குள்ள எழுதிடணும்.

ராமேஸ்வரத்துல ரெண்டு வருஷமா கைட் சர்ஃபிங் பண்றேன், அதாவது காத்தடைச்ச பெரிய பட்டம் (கைட்) இழுக்க, பலகையில நின்னு கடல்ல சறுக்குறது. என்கிட்ட இருக்கிறது 12 சதுர மீட்டர் கைட். ஆடிக்காத்துக்கு அதை எடுக்க முடியாது. காத்து வேகம் ரெண்டு மடங்கானா இழுவை நாலு மடங்காகும். அதான் 9 சதுர மீட்டர்ல பழசு தேடினேன். பழைய சாமான் விக்கிற ஒரு ஆப்ல கிடைச்சுது. கைட், பார் (கையில பிடிச்சு ஓட்டுற கம்பி), ரெண்டையும் இணைக்கிற லைன் (கயிறு) எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய்.

அந்த ஆள் வீடியோ கால்ல வந்து மொட்டை மாடியில கைட்டை விரிச்சுக் காத்தடிச்சுக் காட்டினார். ஒரு மணி நேரம் கழிச்சு அவரே திரும்பக் கூப்பிட்டு, "பாருங்கண்ணா, கொஞ்சங்கூட இறங்கல"ன்னு தட்டிக் காட்டினார். இவ்வளவு மெனக்கெடுற ஆளா ஏமாத்தப் போறார்னு நம்பி, அன்னிக்கு ராத்திரியே பணம் அனுப்பிட்டேன். பாரைக் கிட்டத்துல காட்டுங்கன்னு கேக்கத் தோணவே இல்ல.

ஞாயித்துக்கிழமை 25 நாட் (மணிக்கு சுமார் 46 கி.மீ.) காத்து. பத்து நிமிஷம் நல்லாதான் போச்சு. திடீர்னு ஒரு வீச்சு வந்து தூக்குச்சு. பாரைத் தள்ளினேன். தள்ளினா கைட்டோட கோணம் மாறி இழுவை இறங்கணும், இறங்கல. ஆபத்துல கைட்டோட இழுவையை விடுவிக்கிற குவிக் ரிலீஸைத் தள்ளினேன், அசையல. மூணாவது தடவை ரெண்டு கையாலயும் தள்ளின பிறகுதான் விட்டுச்சு. விட்டதும் கைட் சேஃப்டி லைன்ங்கிற ஒத்தை லைன்ல தொங்கி வலுவிழந்து விழணும். விழல. கரை மணல்ல என்னைத் தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போச்சு. அந்த லைனை உடம்போட இணைக்கிற லீஷையும் கழட்டியிருக்கணும், கை போகல. வலை காயப்போட்டுக்கிட்டிருந்த ஒரு அண்ணன் ஓடி வந்து கைட்டை அமுக்கிப் பிடிச்சார். அவர் இல்லன்னா நான் இல்ல.

வீட்ல பிரிச்சுப் பார்த்தேன். ரிலீஸுக்குள்ள உப்பும் மணலும் இறுகிக் கிடக்குது. முன் லைன் ரெண்டும் நீண்டுபோய், பின் லைனைவிட ஒரு சாண் கூடுதல், அதான் பாரைத் தள்ளியும் இழுவை இறங்கல. சேஃப்டி லைன் அறுந்த இடத்துல முடிச்சுப் போட்டு, மேல கருப்பு டேப் சுத்தியிருக்கு. அந்த முடிச்சு பாரோட நடு ஓட்டையில மாட்டித்தான் லைன் ஓடல. டேப் புத்தம் புதுசு. தெரிஞ்சே வித்திருக்கார்!

கேட்டா, "பார்சல்ல ஆயிருக்கும்ணா." முடிச்சு பார்சல்ல விழுமா? போட்டோ அனுப்பினேன். "உங்களுக்கு ஓட்டத் தெரியல"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ், அப்புறம் பிளாக். ஆப்காரங்க, இது வாங்குறவருக்கும் விக்கிறவருக்கும் உள்ள விஷயம்னு சொல்லிப் புகாரை மூடிட்டாங்க. 48,000 ரூபாய், எட்டு மாசமா சேர்த்தது. அடி பட்டுச்சான்னு கூட ஒருத்தரும் கேக்கல.

இன்னிக்குக் காலையில அதே ஆள் 7 சதுர மீட்டர் கைட் ஒண்ணைப் போட்டிருக்கார். அதே மொட்டை மாடி.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், இப்போ முடியல. இது மட்டும்: நாலு லைனையும் ஒரே கம்பத்துல மாட்டி இழுத்து நீளம் பாருங்க. ஹார்னஸ்ல (இடுப்புல கட்டுற பட்டை) மாட்டி, உடம்பைச் சாய்ச்சு இழுத்துக்கிட்டே ரிலீஸைத் தள்ளுங்க. ஒரே தள்ளுல விடலைன்னா வேண்டாம். சேஃப்டி லைனை முழுசும் விரலால தடவிப் பாருங்க. எங்கேயாவது டேப் இருந்தா, அதைப் பிரிச்சுக் காட்டாம ஒரு ரூபாய் குடுக்காதீங்க.