விறகு ஸ்டவ் பொருத்தப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்

போன வாரம் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் தமிழர்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு தம்பி, வீட்டைச் சூடாக்கும் விறகு ஸ்டவ்வைக் குறைந்த செலவில் பொருத்தித் தர யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். இரண்டு பேர் உடனே ஒரு நம்பர் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்தவரின் நம்பர் அது. பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு 1930களில் கட்டியது. ஒரு பக்கச் சுவரும் புகைபோக்கியும் பக்கத்து வீட்டுப் பாட்டியோடு பொது. 2022இல் கேஸ், கரண்ட் கட்டணம் ஏறியபோது, முன்னறையில் சும்மா கிடந்த கணப்படுப்புக் குழியில் வார்ப்பிரும்பு ஸ்டவ் ஒன்று வைத்துவிடலாம் என்று நினைத்தோம். இரண்டு இடங்களில் கேட்டதில் 2,800, 3,100 பவுண்டு சொன்னார்கள். இவர் ஸ்டவ்வையும் சேர்த்து 1,650 என்றார். 9 மீட்டர் ஸ்டீல் லைனர் (புகை கசியாமல் புகைபோக்கிக்குள் இறக்கும் குழாய்), புகைபோக்கி சுத்தம், சான்றிதழ் எல்லாம் அதில் அடக்கம் என்று எழுதியும் கொடுத்தார். ஸ்டவ் பொருத்துகிறவர்களைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் அமைப்பில் பதிவு பெற்றவர் என்று போனில் ஒரு அட்டையின் படத்தைக் காட்டினார். நாங்கள் நம்பி முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்தோம்.

காலை பத்து மணிக்கு வந்தவர் மூன்றரைக்கெல்லாம் முடித்துவிட்டார். கூரைமேல் ஏணி வைத்ததை நான் பார்க்கவில்லை. கேட்டதற்கு, எல்லாவற்றையும் கீழிருந்தே செய்துவிடலாம் என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். லைனரை மேலிருந்துதான் இறக்குவார்கள். மேலே அதைத் தாங்கிப் பிடிக்கும் தட்டும், மழையும் பறவையும் புகாத மூடியும் பொருத்தியாக வேண்டும். கூரை ஏறாமல் அது நடக்காது.

புறப்படும் முன் புது ஸ்டவ்வில் விறகை நிறைய அடுக்கி, பெரிய தீயாக மூட்டிக் காட்டினார். வார்ப்பிரும்பை முதல் நாளே அப்படிக் காய்ச்சக் கூடாது. முதல் சில தடவை சின்னத் தீயாகப் போட்டு, முழுக்க ஆறவிட்டு, மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். பெயின்ட் அப்போதுதான் இறுகும். சட்டென்று ஏறும் சூட்டில் வார்ப்பு விரிசல் விடலாம். எங்கள் ஸ்டவ்வின் பின்தகட்டில் பிறகு மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார்: "ராத்திரி விறகை நிரப்பி, காற்றுவழியை மூடிவிடுங்கள். காலைவரை கதகதப்பாக இருக்கும்." இந்த யோசனையால்தான் எங்களுக்கு உயிர் ஆபத்து வந்தது. காற்று இல்லாமல் விறகு புழுங்கினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு பெருகும். புகை குளிர்ந்து புகைபோக்கிச் சுவரில் கீல் போலப் படியும். அந்தக் கீல் ஒருநாள் பற்றிக்கொண்டால் புகைபோக்கியே எரியும்.

டிசம்பரில் அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்தார். விறகடுப்பில் முப்பது வருடம் சமைத்தவர். வந்த மூன்றாம் நாள், "ஏம்மா, இது விறகுப் புகை வாசம் இல்ல. கீல் வாசம் அடிக்குது" என்றார். அந்த ஆளிடமே வாங்கிய விறகு மூட்டையைப் பிரித்து, இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். காய்ந்த விறகு கணீரென்று கேட்கும், இது தொப்பென்று விழுகிறது என்றார். தீயில் போட்டதும் கட்டையின் முனையில் நுரை கக்கிச் சீறியது. நான் ஈரமானி வாங்கி, கட்டையைப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பார்த்தேன். 34 சதவீதம்! இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து, 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மூட்டையில் 'ரெடி டு பர்ன்' முத்திரை இருக்க வேண்டும். எங்கள் மூட்டையில் எந்த முத்திரையும் இல்லை.

அம்மா படுத்தது ஸ்டவ்வுக்கு நேர் மேலே உள்ள அறையில். தினமும் காலையில் தலைவலி, குமட்டல். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தோம். கடைக்கு அழைத்துப் போனால் தெளிந்துவிடுவார், மறுநாள் காலையில் மறுபடியும் அதே வலி. என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் அக்காவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "வெளியே போனா சரியாகுதா? வீட்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கா?" இல்லை. புது ஸ்டவ் வைத்தால் அதே அறையில் அந்த அலாரமும் பொருத்த வேண்டும் என்பது 2010 முதல் இங்கே கட்டட விதி. எங்களுக்கு அவர் அதைப் பொருத்தவில்லை, சொல்லவும் இல்லை. அன்று மாலையே இரண்டு வாங்கி, ஒன்றை ஸ்டவ் அறையிலும் ஒன்றை அம்மாவின் அறையிலும் வைத்தேன்.

இரண்டாம் நாள் ராத்திரி இரண்டே கால் மணிக்கு மேலே இருந்த அலாரம் அலறியது. அம்மாவை எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. என் கணவர் தூக்கிக்கொண்டுதான் கீழே வந்தார். கதவு ஜன்னல்களைத் திறந்துபோட்டு, பையனோடு தெருவில் நின்று 999க்கு அழைத்தோம். தீயணைப்பு வீரர்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியையும் எழுப்பி வெளியே கொண்டுவந்தார்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துவிட்டார். இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

பிறகு பதிவு பெற்ற ஒருவரை வரவழைத்துப் பிரித்துப் பார்த்தோம். லைனர் ஒரு அடிகூட இல்லை. ஸ்டவ்வுக்கு மேலே ஒரு தகரத் தட்டில் ஓட்டை போட்டு, குழாயை ஒரு சாண் உள்ளே நீட்டிவிட்டிருந்தார், அவ்வளவுதான். மேலே காக்கைக் கூட்டுச் சுள்ளிகள் இரண்டு சாக்கு வந்தன. லைனர் எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று இல்லை. ஆனால் பழைய புகைபோக்கி கசியவில்லை என்று புகைவிட்டுச் சோதித்த பிறகே ஸ்டவ்வை இணைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் சோதனை போட்டபோது அம்மாவின் அறைச் சுவரில் செங்கல் இடுக்குகள் வழியே வெள்ளைப் புகை வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

குழாய்த் துண்டுகளையும் தலைகீழாக மாட்டியிருந்தார். மேல் துண்டின் ஒடுங்கிய முனை கீழ்த் துண்டின் அகன்ற வாய்க்குள் இறங்க வேண்டும். அப்போதுதான் கீலும் நீரும் உள்ளேயே வழிந்து ஸ்டவ்வுக்குத் திரும்பும். எங்கள் குழாயில் இணைப்புகள் வழியாக வெளியே கறுப்பாக வழிந்திருந்தது. இதைப் பார்க்க நிபுணர் வேண்டாம், ஸ்டவ் வைத்திருக்கிறவர்கள் இப்போதே போய்ப் பாருங்கள். புகைபோக்கிக் குழியின் பக்கச் சுவரில் சூடு தாங்காத சாதாரண பிளாஸ்டர்போர்டு அடித்திருந்தார், அது பழுப்பேறிப் போயிருந்தது. ஸ்டவ்வும் எங்கள் ஊர் போன்ற புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு எரிக்க அனுமதிபெற்ற மாடல் இல்லை.

அவர் காட்டிய அட்டையில் இருந்த எண்ணை ஹெட்டாஸ் தளத்தில் தேடினேன். அது வேறு ஊரில் வேறு ஒருவருடையது. முதலிலேயே செய்திருந்தால் இரண்டு நிமிட வேலை. பதிவு பெற்றவர் என்றால் வேலை முடிந்த 30 நாளுக்குள் கவுன்சிலுக்குத் தகவல் போய், உங்கள் கைக்குச் சான்றிதழ் வந்துவிடும். பதிவு இல்லாதவரை வைத்துச் செய்வதானால், வேலை தொடங்கும் முன்பே நீங்கள் கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு விண்ணப்பித்து, அவர்கள் வந்து பார்க்க வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் வீட்டை விற்கும்போது வக்கீல் கேட்பார், காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

பணம் திரும்பவில்லை. போனை எடுப்பதே இல்லை. இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் வழியாக, வியாபார மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் புகார் கொடுத்திருக்கிறோம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையுள்ள வேலைக்கு கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கியிடமே கேட்டிருக்கலாம். ரொக்கத்துக்கு அந்த வழி இல்லை.

இப்போது வேறு ஸ்டவ், ஒழுங்கான லைனர், சான்றிதழ் எல்லாம் இருக்கிறது. மொத்தச் செலவு முதலில் கேட்ட 3,100ஐத் தாண்டிவிட்டது. வருடத்தில் இரண்டு தடவை புகைபோக்கியைச் சுத்தம் செய்கிறோம். ஸ்டவ் கதவில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பேன். சுலபமாக உருவி வந்தால் கதவு ஓரத்து இடுக்கை அடைக்கும் கயிறு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் வீட்டுக்கு வெளியே வைக்கிறோம், உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ராத்திரி காற்றுவழியை மூடித் தூங்குவது அடியோடு நின்றுவிட்டது.

குழுவில் நம்பர் கொடுத்த இரண்டு குடும்பத்தோடும் பேசிவிட்டேன். இருவரிடமும் சான்றிதழ் இல்லை. ஒரு வீட்டில் கைக்குழந்தை மேலறையில் தூங்குகிறது. இந்த ஆளிடம் வேலை கொடுத்தவர்கள் வேறு யாராவது இருந்தால், இன்று ராத்திரி ஸ்டவ்வை மூட்ட வேண்டாம். எனக்கு எழுதுங்கள், எங்கள் வீட்டைச் சோதித்தவரின் விவரம் அனுப்புகிறேன்.