மேரியட் பான்வாய்: நெல்லைக்காரர்களுக்கு எது லாபம்?

சென்னைக்கு அடிக்கடி போகும் நெல்லைக்காரர்களுக்கு மேரியட் ஹோட்டல்களின் இந்த உறுப்பினர் திட்டத்தில் பெரிய பலன் தாமத செக்-அவுட்தான். நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூரில் கிளம்புவது ராத்திரி அல்லவா? திட்டத்தில் கோல்டு, அதற்கு மேல் பிளாட்டினம் என்று உறுப்பினர் நிலைகள் உண்டு. பிளாட்டினம் என்றால் பெரும்பாலான ஹோட்டல்களில் மாலை 4 மணி வரை அறை நம்முடையது. கோல்டுக்கு 2 மணி, அதுவும் அறை காலியிருந்தால்தான். முதல் நாளே கேட்டு வையுங்கள். ஆனால் விடியக்காலை வண்டி இறங்கியதும் அறை கிடைக்கும் என்று இந்த இரண்டு நிலைக்காரர்களுமே நம்பிப் போகக் கூடாது.

ஓராண்டில் 25 இரவு தங்கினால் கோல்டு, 50 இரவு தங்கினால் பிளாட்டினம். கல்யாணத்துக்கு 3 அறை போட்டு, ஒன்றில் தங்கி, மொத்தப் பணமும் நீங்களே கட்டினால் மூன்றுக்கும் புள்ளி (பிறகு இலவசத் தங்கலுக்கு மாற்றலாம்) வரும். ஆனால் கோல்டு, பிளாட்டினத்துக்கான இரவுக் கணக்கு ஓர் அறைக்குத்தான். மேரியட் ஆப்பிலேயே புக் செய்யுங்கள். வேறு தளத்தில் போட்டால் பொதுவாகப் புள்ளியும் வராது, இரவும் சேராது.