சிங்கத் தலையை மட்டும் பார்த்துவிட்டுத் திட்டாதீர்கள்

பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான ஸ்கியாபரெல்லி 2023 ஜனவரியில் பாரிஸில் காட்டிய ஓத் கூத்தூர் (கைவேலையால் உருவாக்கும் உயர்தர ஆடைகள்) தொகுப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் அதற்குப் பெரிய ஆதரவு இல்லை. கறுப்பு வெல்வெட் கவுனில், மார்பிலிருந்து தோள் வரை ஒரு முழுச் சிங்கத் தலை! வீடியோவைப் பார்த்ததும் மதினி, "ஏட்டி, இதப் போட்டுக்கிட்டு எப்படி உக்காந்து சாப்பிடுவா?" என்றாள். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவோ நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

அந்தத் தலை நிஜ விலங்கில்லை. ஃபோமில் கையால் செதுக்கி, கம்பளியும் பட்டும் சேர்ந்த செயற்கை ரோமம் ஒட்டி, வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். சிங்கம், ஓநாய், பனிச்சிறுத்தை மூன்றும் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகப் பயணக் காவியத்தில் வழிமறிக்கும் விலங்குகளை வைத்து வடிவமைப்பாளர் டேனியல் ரோஸ்பெரி செய்தவை. அப்படியும் வேட்டையைக் கொண்டாடுகிறது என்று பலர் கொதித்தார்கள், விலங்குரிமை அமைப்பான பீட்டாவின் தலைவரோ பாராட்டினார்.

குலசை தசராவில் காளி, குரங்கு, கரடி என்று வேடம் கட்டி ஊர் ஊராக வருபவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது?

ஒரே குறை, மற்ற உடைகளை யாரும் பேசவில்லை. அகன்ற தோளும் ஒடுங்கிய இடுப்புமாக வெட்டிய அந்தக் கோட்டுகளின் தையலுக்காகவே நான் இந்தத் தொகுப்பைப் பார்க்கச் சொல்வேன்.