மோரிப் கடலும் ஒரு சோதனைப் பெட்டியும்: சில வருட அனுபவம்

மலேசியாவின் சிலாங்கூரில், பந்திங் சுற்றுவட்டாரத் தோட்டப் பிள்ளைகளைப் பள்ளி விடுமுறையில் மோரிப் கடற்கரைக்குக் குளிக்க அழைத்துப்போகும் குழு எங்களுடையது. தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறதா என்று பார்க்க, எண்டெரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியாவைக் காட்டும் தூள் வகை 'விரைவு'ச் சோதனைப் பெட்டியை வாங்கிச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறோம். கடல் நீரில் ஈ.கோலை என்ற இன்னொரு குடல் பாக்டீரியா சீக்கிரம் செத்துவிடும், எண்டெரோகாக்கஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் இது.

'விரைவு' என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். இன்று காலை எடுத்த தண்ணீருக்கு நாளைக் காலைதான் விடை. தூளைக் கலந்து, குழாய்களில் பிரித்து ஊற்றி, 41 டிகிரியில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். அப்புறம் இருட்டில் புற ஊதா விளக்கைப் பிடித்தால் கிருமி வளர்ந்த குழாய் மட்டும் நீலமாக ஒளிரும். பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா. ஒளிர்ந்தவற்றை எண்ணி, அட்டவணையைப் பார்த்தால் 100 மில்லிக்கு எவ்வளவு என்று தெரியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் 2012 அளவுகோலில் சராசரி 35-ஐத் தாண்டக்கூடாது.

கடல் நீரை அப்படியே ஊற்றக்கூடாது. 10 மில்லிக்கு 90 மில்லி கிருமி நீக்கிய தண்ணீர் சேர்த்து, விடையைப் பத்தால் பெருக்க வேண்டும். அதனால் ஒரு குழாயும் ஒளிராவிட்டால்கூட 'சுத்தம்' என்று எழுத முடியாது, '10-க்கும் குறைவு' என்றுதான் எழுதலாம்.

இதற்கு முன்பு மலிவான ஹைட்ரஜன் சல்பைடு குப்பியைத்தான் வைத்திருந்தோம். பாக்டீரியா சல்பைடு உண்டாக்கினால் கறுத்துக் காட்டும் குப்பி அது. கிணற்றுத் தண்ணீருக்கு அது சரி. ஆனால் மோரிப் சேற்றுக் கரை. 1945 செப்டம்பரில் இங்கே வந்திறங்கிய பிரிட்டிஷ் படையின் வண்டிகளையே விழுங்கிய சேறு. அதில் சல்பைடு உண்டாக்கும் பாக்டீரியா இயல்பாகவே இருக்கும். மலமே கலக்காவிட்டாலும் குப்பி கறுத்துவிடும்.

தண்ணீர் எடுப்பதும் ஒரு பக்குவம்தான். காலால் சேற்றைக் கலக்கிவிட்டால் அடியில் தங்கியிருக்கும் கிருமியும் சேர்ந்து எண்ணிக்கை ஏறும். அலை வரும் பக்கம் பார்த்து நின்று, கையை முன்னே நீட்டி, மேல்மட்டத்துக்குக் கீழே போத்தலைத் திறக்க வேண்டும். அப்புறம் நேரே ஐஸ் பெட்டிக்குள்.

பெட்டியோடு வந்த சூடேற்றும் கருவிதான் எங்களுக்குத் தலைவலி. திரை 41 காட்டும். உள்ளே தனி வெப்பமானி வைத்துப் பார்த்தால் 39. அரை டிகிரிக்கு மேல் விலகவே கூடாத இடத்தில் இது! விற்ற கடைக்காரர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வெப்பமானியையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இவ்வளவு செலவு செய்து எங்களுக்குக் கிடைத்தது ஒரு நாளின் எண் அல்ல, இந்தக் கடலின் போக்கு. கனமழைக்கு மறுநாள் எண் எகிறும். வெயில் ஏறிய மதியத்தில் காலையைவிடக் குறையும். இப்போதெல்லாம் பெருமழை பெய்தால் விடைக்குக் காத்திருப்பதில்லை, பேருந்தை அப்படியே புக்கிட் ஜுக்ரா மலைக்குத் திருப்பிவிடுகிறோம். பயன்படுத்திய குழாய்களைக் குளோராக்ஸில் (வெளுப்புத் திரவம்) ஊறவைத்த பிறகே வீசுங்கள். உள்ளே நீங்களே வளர்த்த கிருமி இருக்கிறது.